மாடியில் மைக், வாசலில் அம்மா

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 48 வயது. நான்கு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம் நடத்துகிறேன். முப்பது பேருக்குக் குறையாமல் வருவார்கள். போன மாதம் 42,000 ரூபாய்க்கு ஸ்பீக்கரும் கார்ட்லெஸ் மைக்கும் வாங்கினேன். ஆனால் எங்கள் சேகரம் (பக்கத்துச் சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) நடத்தும் கன்வென்ஷன் கூட்டத்தின் நோட்டீஸில் பிரசங்கியார் வரிசையில் என் பெயர் இல்லை. என்னைவிட இளைய ஒருவரைப் போட்டோவோடு போட்டிருக்கிறார்கள். பேருக்காகச் சொல்லவில்லை. தாழ்மை என்று நான் ஒதுங்கியே இருந்தால் தேவநாமம் எப்படி மகிமைப்படும்? தனி ஊழியம் ஆரம்பிக்கலாமா? வீட்டிலும் ஒத்துழைப்பு இல்லை. அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் கூட்டத்தில் உட்காராமல் வாசலில் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருப்பார். எதிர்வீட்டு அம்மாவை எத்தனையோ தடவை அழைத்துவிட்டேன். அவர் மேலே வராமல் அம்மாவோடு பேசிவிட்டுப் போய்விடுகிறார்.
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நாலு பக்கம். நோட்டீஸுக்கு மட்டும் இரண்டரைப் பக்கம் போய்விட்டது. எந்த வரிசையில் யார் பெயர், யாருக்குப் போட்டோ, யாருக்கு வெறும் எழுத்து என்று அச்சாபீஸ்காரர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்ட ஒரே இடம் இந்தப் பத்திரிகைதான் போலிருக்கிறது.

நோட்டீஸ் பஞ்சாயத்து எனக்குப் புதிதில்லை. மாதத்துக்கு ஒரு கடிதமாவது இப்படி வரும், எல்லாரும் "பேருக்காகச் சொல்லவில்லை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இயேசுவுக்கு முன்பே ஞானஸ்நானம் கொடுத்துவந்த யோவான்ஸ்நானனின் சீடர்களும் இதே புகாரைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்: நேற்று வந்த இயேசுவிடம் எல்லாரும் போகிறார்களே என்று. "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்று யோவான் முடித்துவிட்டார். சிறுகுவதற்கு நோட்டீஸில் இடமா வேண்டும்? சரி, அதை விடுங்கள். எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது.

அம்மாவுக்குக் காது கேட்காது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுவும் வீட்டில் ஒத்துழைப்பு இல்லை என்ற புகாருக்குக் கீழே! எழுதும்போது கை நிற்கவில்லையா? முப்பது பேருக்கும் தெளிவாகக் கேட்க வேண்டுமென்று 42,000 ரூபாய் போட்டீர்கள். அந்த வீட்டில் உண்மையிலேயே காது கேட்காமல் இருப்பது ஒரே ஒருவருக்கு. அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் அழைத்துப்போனதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. நான் இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டேன்.

மாற்கு 7-ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரியாததில்லை, பிரசங்கம்கூடப் பண்ணியிருப்பீர்கள். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான், இது தேவனுக்கு" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர்களை ஆண்டவர் அங்கே எப்படிக் கடிந்துகொள்கிறார் என்று இன்று ராத்திரி மறுபடி வாசியுங்கள், மைக் இல்லாமல். சிலுவையில் தொங்கியபோதும் தாயை யார் வீட்டில் சேர்ப்பது என்று பார்த்தவர் அவர். பெற்றவளைக் கவனிக்காமல் பண்ணுகிற ஊழியத்தை ஊழியம் என்று நான் சொல்லமாட்டேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அந்தச் செருப்புக்கு வருகிறேன். முப்பது ஜோடி. மழைக்காலத்தில் சேறோடு இருக்கும். வயதான மனுஷி குனிந்து, ஜோடி சேர்த்து, திரும்பிப் போகிறவர்கள் காலை நுழைக்க வசதியாக வெளிப்பக்கம் பார்த்து வைக்கிறார். இயேசுவுடைய பாதரட்சையின், அதாவது செருப்பின், வாரை அவிழ்க்கவும் நான் பாத்திரன் அல்ல என்று யோவான் சொன்னதை நீங்கள் மாடியில் விளக்கிக்கொண்டிருக்கும்போது, கீழே உங்கள் அம்மாவின் கையில் செருப்பே இருக்கிறது. அவரைப் பற்றி எந்த நோட்டீஸும் வராது. உங்கள் கடிதத்திலும் ஒரு வரிதான் வந்தது.

எதிர்வீட்டு அம்மா ஏன் மேலே வருவதில்லை என்று கேட்கிறீர்கள். அவர் வந்துகொண்டுதானே இருக்கிறார்! வாசல்வரை வருகிறார். காது கேட்காதவரோடு பேசுவதென்றால் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு குனிந்து, சொன்னதையே இரண்டு தடவை சொல்ல வேண்டும். மெனக்கெட்டு அதைச் செய்கிறார் என்றால், உங்கள் ஸ்பீக்கரில் கிடைக்காத ஏதோ ஒன்று அந்தப் படியில் அவருக்குக் கிடைக்கிறது. எத்தனை பேரை ஆண்டவரிடம் சேர்த்தோம் என்கிற ஆத்தும ஆதாயக் கணக்கில் அதை எழுதினீர்களா?

திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூர் உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு தடவை போய் வாருங்கள். அநாதரவான குழந்தைகளுக்காக அங்கே ஐம்பது வருடம் உழைத்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951-இல் இறந்தார். கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வளர்ந்த பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, பெயருக்குப் பதிலாகத் தாய் என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லைப் பொறித்தார்கள்.

தனி ஊழியம் இப்போதைக்கு வேண்டாம். ஒரு மாதம் கூட்டத்தை வேறு ஒருவர் நடத்தட்டும், நோட்டீஸில் வந்த அந்தத் தம்பியையே கூப்பிடுங்களேன். நீங்கள் கீழே உட்கார்ந்து செருப்பை அடுக்குங்கள். அதையும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிடாதீர்கள். அப்புறம், இந்த வாரமே லீவு போட்டுவிட்டு, அம்மாவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். சில பேருக்கு வெறும் அழுக்கு அடைப்பாகவே இருக்கும், எடுத்தால் சரியாகிவிடும். கேட்கும் திறனே குறைந்திருந்தால் பரிசோதித்துக் கருவி எழுதிக்கொடுப்பார்கள். தகுதி இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் நீங்கள் காசு கொடுத்தே வாங்குங்கள். சாதாரணக் கருவி உங்கள் ஸ்பீக்கர் விலைக்குள் அடங்கிவிடும். கருவி பழக நாளாகும். ஆரம்பத்தில் எல்லாச் சத்தமும் இரைச்சலாகத் தெரியும், கழற்றி வைத்துவிடுவார். சலித்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போய் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். கன்வென்ஷனைப் பற்றி வேண்டாம். அம்மாவுக்கு அதிகம் கேட்காதது வலது காதா, இடது காதா என்று எழுதுங்கள். இன்றைக்குக் கேட்டால் உங்களால் சொல்ல முடியாது.