பழைய ஹாம் (அமெச்சூர் ரேடியோ) விளம்பரத்தில் 180 வாட், மீட்டரில் 100 வாட்: ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. ஹீத்கிட் நிறுவனத்தின் ஹெச்.டபிள்யூ-101 என்ற ஹாம் ரேடியோவின் விளம்பரத்தில் வரும் 180 வாட், ஆன்டெனாவுக்குப் போகும் பவர் அல்ல. ஆன்டெனாவுக்கு முந்தைய கடைசி பெருக்கி நிலையின் இரண்டு 6146 வால்வுகள் உள்ளே வாங்கும் பவர், அதுவும் பேச்சின் உச்சத்தில். பிளேட் (வால்வுக்குள் இருக்கும் உலோகத் தகடு) வோல்டேஜை பிளேட் கரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 720 வோல்ட், 250 மில்லி ஆம்பியர் என்றால் 180 வாட். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வால்விலேயே சூடாகப் போய்விடும். மிச்சம்தான் உங்கள் 100.

அன்று அமெரிக்க விதியே உள்ளீட்டு வாட்டைத்தான் அளந்தது. உச்சவரம்பு 1000 வாட், புதியவர்களுக்கான நோவிஸ் உரிமத்துக்கு 75. விளம்பரங்களும் அதே கணக்கில் பேசின. (பெரிய எண் அச்சில் எடுப்பாகத் தெரியும் என்பதும் உண்மைதான்.) 1980களில் விதி வெளியீட்டு அளவுக்கு மாறியது.

180 வரட்டும் என்று டிரைவை (அந்த வால்வுகளுக்குள் போகும் சிக்னலை) ஏற்றாதீர்கள். குரலின் உச்சி தட்டையாகி, பக்கத்து அலைவரிசைகளில் சிதறும். ட்யூன் செய்யும்போது மோர்ஸ் கீயைச் சில நொடிகளுக்கு மேல் அழுத்தி வைத்தால் பிளேட் சிவந்துவிடும்.

இன்னொன்று, விலைக்குப் பக்கத்துப் பொடி எழுத்தையும் படியுங்கள். அன்று ஹெச்.டபிள்யூ-101 உடன் பவர் சப்ளை வரவில்லை, ஹெச்.பி-23 என்ற அந்த சப்ளைக்குத் தனி விலை. ஸ்பீக்கரும் தனிதான்.