ஞாயிறு ஆராதனையும் அறிவிப்பு நேரமும்

அன்புள்ள ஐயா,

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். இப்போது குடும்பத்தோடு கனடாவில் கிச்சனரில் இருக்கிறேன். நாங்கள் சைவசமயம். பக்கத்து வீட்டுக்காரர் மென்னோனைட் கிறிஸ்தவர். பனிக்காலத்தில் தன் வாசலைத் துப்புரவாக்கும்போது எங்கள் வாசலையும் சேர்த்துச் செய்துவிட்டுப் போகிற மனிதர். போன மாதம் ஒரு ஞாயிறு தங்கள் சேர்ச்சுக்கு வரும்படி கூப்பிட்டார், போனோம்.

மென்னோனைட் என்றால் குதிரை வண்டியில் போகிற ஆட்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இவர்கள் எல்லோரும் காரில் வந்தார்கள். உள்ளே அலங்காரம் எதுவும் இல்லை. வாத்தியம் இல்லாமல் பாடினார்கள், மிக நன்றாகப் பாடினார்கள். பிரசங்கம் செய்தவர் ஒரு பெண். பிறகு ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார்கள். ஒருவர் தாயாரின் சத்திரசிகிச்சை பற்றிச் சொன்னார். இன்னொருவர் மகனுக்கு வேலை போனதைச் சொன்னார். அதன் பிறகு நீண்ட அறிவிப்புகள். போர்வை கட்டுகிற நாள், பள்ளிக்கூடப் பைகள், வரப்போகிற அகதிக் குடும்பத்துக்குக் கட்டில் வேண்டும், இப்படி. கடைசியில் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. மதம் மாறும்படி ஒருவரும் கேட்கவில்லை.

இது சமயமா, இல்லை லயன்ஸ் கிளப் மாதிரி ஒரு தொண்டு அமைப்பா? 'கவனம், முதலில் உதவி செய்வார்கள், பிறகு ஆள் பிடிப்பார்கள்' என்று சினேகிதர்கள் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அந்த அகதிக் குடும்பத்துக்கான குழுவில் என்னையும் சேரும்படி கேட்டிருக்கிறார். சேரலாமா?

எஸ்.,
கிச்சனர்

*

அன்புள்ள எஸ்.,

குதிரை வண்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் ஊருக்கு வடக்கே செயின்ட் ஜேக்கப்ஸ், எல்மைரா பக்கம் வண்டியில் போகிறவர்கள் பழைய ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் மென்னோனைட்டுகள். இவர்களும் அவர்களும் ஒரே வேரில் வந்தவர்கள்தான். ஆனால் உலகம் முழுக்க இன்று இந்த மரபில் இருக்கிற ஏறத்தாழ 21 லட்சம் பேரில் பெரும்பாலானவர்கள் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காக்காரர்கள். எத்தியோப்பியாவிலும் காங்கோவிலும் பெரிய சபைகள் உண்டு. தெலங்கானாவில் மகபூப்நகர் பக்கம் போனால் தெலுங்கில் ஆராதனை நடத்துகிற மென்னோனைட்டுகளைப் பார்க்கலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் 'நீண்ட அறிவிப்புகள்' என்று எழுதியிருக்கிறீர்களே, என் பார்வையில் அந்த ஆராதனையின் மையமே அதுதான். அந்தக் கூட்டம் கும்பிடுகிற விதமே அது. இதை விளக்க 1525க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் ஜனவரி 21 அன்று சூரிச் நகரத்தில் ஒரு வீட்டில் சிலர் கூடி, கான்ராட் கிரேபல் என்கிற இளைஞர் கையால் ஆரம்பித்து ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். எல்லோருமே குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் வாங்கியவர்கள். அது செல்லாது, விவரம் தெரிந்த ஒருவர் தானாக முன்வந்து எடுக்கும் முடிவுதான் செல்லும் என்றார்கள். இன்று கேட்டால் சின்ன விஷயம். அன்றைக்கு அது ராஜத்துரோகம். பிறந்த குழந்தை எல்லாம் சர்ச்சிலும் சேர்த்தி, அரசிலும் சேர்த்தி என்று இருந்த காலம். அந்த வீட்டில் இருந்த ஃபீலிக்ஸ் மான்ஸை இரண்டு வருடத்துக்குள் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றது சீர்திருத்தம் பேசிய புராட்டஸ்டன்ட் நகரம்தான். பிறகு 1536இல் நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் தன் பதவியை விட்டுவிட்டு இவர்களோடு சேர்ந்தார். அவர் பேர்தான் இவர்களுக்கு நிலைத்தது.

இவர்கள் வாளெடுக்க மாட்டோம் என்றார்கள், சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டோம் என்றார்கள். அதனால் துரத்தப்பட்டார்கள், கோயில் கட்ட வழியில்லை. வீட்டிலும் காட்டிலும் படகிலும் கூடினார்கள். பீடம், சிலை, மணி எதுவும் இல்லாமல் போனபோது கையில் மிஞ்சியது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் மட்டும். நீங்கள் பார்த்த அலங்காரமில்லாத அறை அங்கிருந்து வருவது. பாட்டும் அப்படித்தான். பல சபைகளில் நீண்ட காலம் வாத்தியத்துக்கு இடமே கிடையாது. இன்று பியானோ வந்துவிட்டது என்றாலும் வட அமெரிக்கச் சபைகளில் நான்கு குரலாகப் பிரிந்து பாடுகிற பழக்கம் விடவில்லை. மேடையில் தனியாகப் பாடகர் குழு நிற்காது. உங்களுக்கு வலப்பக்கம் உட்கார்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒரு குரல், பின்வரிசை விவசாயி அடிக்குரல். ஒரு பகுதி ஆட்கள் வராவிட்டால் அன்றைக்குப் பாட்டில் ஓட்டை தெரியும். அவர்களின் பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றில் 606 என்ற எண்ணில் ஒரு துதிப்பாட்டு இருக்கிறது. புத்தகம் மாறி எண்ணும் மாறிவிட்டது, ஆனாலும் 'அறுநூற்றாறு' என்றால் பலர் புத்தகத்தைத் திறக்காமலே எழுந்து நின்று பாடுவார்கள்.

இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டு வளர்கிற கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1569இல் நெதர்லாந்தில் ஆஸ்பெரன் என்ற ஊரில் டிர்க் வில்லம்ஸ் என்பவரைப் பிடித்து அடைத்தார்கள். தன் வீட்டில் பலருக்கு ஞானஸ்நானம் நடக்க இடம் கொடுத்தார் என்பது குற்றம். அவர் துணிகளை முடிந்து கயிறாக்கி ஜன்னல் வழியே இறங்கித் தப்பினார். உறைந்த நீரைக் கடந்து ஓடினார். துரத்தி வந்த காவலாளின் எடைக்குப் பனிக்கட்டி உடைந்தது, அவன் உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து கை கொடுத்து அவனைத் தூக்கிவிட்டார். காவலாள் அவரை விட்டுவிடத்தான் நினைத்தான். கரையில் நின்ற அதிகாரி கடமையை ஞாபகப்படுத்திச் சத்தம் போடவே, அங்கேயே கைது செய்தான். மே 16 அன்று எரித்தார்கள்.

எத்தனையோ மதங்களில் உயிர்த்தியாகக் கதைகள் உண்டு. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, டிர்க் எந்தக் கொள்கையையும் நிரூபிக்கத் திரும்பவில்லை என்பது. ஒரு ஆள் தண்ணீரில் கிடந்தான், திரும்பினார். நூற்றாண்டுகளாகப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு 'நீ என்ன செய்திருப்பாய்?' என்று கேட்கிற கூட்டத்தில், அகதிக்குக் கட்டில் வேண்டும் என்ற அறிவிப்பு ஜெபத்துக்கு அடுத்து வருவதில் ஆச்சரியம் இல்லை.

உங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதையின் முக்கியமான பகுதி நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே நடந்தது. 1919 ஜூனில் கனடா அரசு, மென்னோனைட்டுகள் நாட்டுக்குள் குடியேறக் கூடாது என்று உத்தரவு போட்டது. முதல் உலகப் போர் முடிந்த சூடு, இவர்களோ ஜெர்மன் பேசுகிறவர்கள், துப்பாக்கி எடுக்க மறுத்தவர்கள். அதே நேரத்தில் தெற்கு ரஷ்யாவில், இன்றைய உக்ரைனில், இவர்களின் கிராமங்கள் உள்நாட்டுப் போரிலும் பஞ்சத்திலும் டைபஸ் காய்ச்சலிலும் அழிந்துகொண்டிருந்தன. 1920 ஜூலையில் அமெரிக்காவின் எல்கார்ட் நகரில் பல மென்னோனைட் பிரிவுகள் கூடி ஒரே நிவாரணக் குழு அமைத்தன. அதுதான் மென்னோனைட் மத்தியக் குழு. உங்கள் சபையின் பள்ளிக்கூடப் பைகள் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போகும்.

1922இல் கனடா தடையை நீக்கியது. அடுத்த சில வருடங்களில் இருபதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். கப்பல், ரயில் கட்டணத்துக்குக் கையில் காசு இல்லை. கனடியன் பசிபிக் ரயில்வே கடனுக்கு ஏற்றி வந்தது, கனடாவில் இருந்த சபைக்காரர்கள் பொறுப்பேற்றார்கள். 1924 ஜூலையில் ஒரே நாளில் எண்ணூற்றைம்பது பேர் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். எர்ப் தெரு மென்னோனைட் சர்ச்சில் வைத்துச் சாப்பாடு போட்டு, அங்கிருந்தே ஒவ்வொரு குடும்பமாக வீட்டுக்கு அழைத்துப் போனார்கள் உள்ளூர்க்காரர்கள். வந்தவர்கள் பேசிய ஜெர்மன் வேறு, அழைத்துப் போனவர்கள் பேசியது வேறு. சாப்பாடு, உடை, பாட்டு எல்லாமே வேறு. பெயர் ஒன்றுதான் பொது. அப்புறம் 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, விளைச்சலுக்கு விலை இல்லை. இருந்தும் அந்தப் பயணக் கடனை அடைத்தே தீர்த்தார்கள். கடைசித் தவணை போனது 1946இல்.

இரண்டாம் உலகப் போரில் கனடாவில் மனசாட்சியின் பேரில் ராணுவத்தை மறுத்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல், பெரும்பாலோர் மென்னோனைட்டுகள். மரம் நட்டார்கள், காட்டுத்தீ அணைத்தார்கள். எல்லா மென்னோனைட் இளைஞர்களும் மறுக்கவில்லை, ராணுவத்தில் சேர்ந்தவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் மறுத்தவர்கள் மேல் ஒரு பாரம் விழுந்தது. 'மற்றவன் பிள்ளை சாகிறான், நீ என்ன செய்கிறாய்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பேசிச் சொல்ல முடியாத பதில் அது, உழைத்துத்தான் சொல்ல முடியும். இவர்களுடைய தொண்டின் பெரும்பகுதி அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது என்று நான் நம்புகிறேன். லயன்ஸ் கிளப் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்தப் பாரம் அங்கே கிடையாது.

பிறகு 1979. வியட்நாம், லாவோஸ், கம்போடியா மக்கள் படகில் தவித்த நேரம். அந்த வருடம் மார்ச் 5 அன்று கனடா அரசோடு தனியார் அகதிப் பொறுப்பேற்புக்கான முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது மென்னோனைட் மத்தியக் குழுவின் கனடாப் பிரிவு. ஒரு சபையோ குழுவோ ஒரு குடும்பத்தின் வாடகை, சாப்பாடு, பள்ளிக்கூடம், மருத்துவர் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வருடத்துக்குப் பொறுப்பு, அரசு உள்ளே விடும். மற்ற சபைகளும் அமைப்புகளும் பின்னால் வந்தன. இதுவரை அந்த வழியில் கனடா வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். உங்களைச் சேரச் சொல்கிற குழு, இந்த ஏற்பாட்டின் ஒரு கண்ணிதான்.

உங்கள் சினேகிதர்கள் சொன்னதை நான் ஒதுக்கவில்லை. இந்தியாவுக்கு இவர்கள் வந்த கதையிலேயே பஞ்ச நிவாரணமும் மிஷனும் பின்னிக் கிடக்கின்றன. 1890களின் பஞ்சத்துக்குத் தானியம் கொண்டுவந்தார்கள், 1899இல் சத்தீஸ்கரின் தம்தரியில் மிஷன் தொடங்கினார்கள். எனவே கேட்பது நியாயம். அவர்கள் குடியேறிய மண்ணைப் பற்றியும் கேட்க வேண்டும். கிராண்ட் ஆற்றின் இரு கரையும் 1784இல் 'ஆறு தேசங்கள்' எனப்படும் பூர்வகுடிக் கூட்டமைப்புக்கு என்று எழுதிக்கொடுக்கப்பட்டவை. அதில் 60,000 ஏக்கரைப் பென்சில்வேனியாவிலிருந்து வந்த மென்னோனைட்டுகள் 1805இல் ஒரு வியாபாரியிடம் காசு கொடுத்து வாங்கினார்கள். சட்டப்படி கிரயம். ஆனால் அந்தப் பிரதேசத்தின் பூர்வகுடிகளுக்குச் சேர வேண்டியது சேரவில்லை, அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இதைவிட வலிக்கிற ஒன்றும் உண்டு. அகிம்சை பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற இவர்களின் இறையியலாளர் ஜான் ஹவர்ட் யோடர் ஏராளமான பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர். தெரிந்தவர்கள் பல வருடம் மூடிவைத்தார்கள். அவர் கற்பித்த செமினரி, அதாவது இறையியல் கல்லூரி, 2015இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டபோது அவர் இறந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது. சண்டை வேண்டாம் என்கிற குணம், பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கவும் பயன்படும். அமைதியை மதிக்கிற எல்லாச் சபையும் பயப்பட வேண்டிய இடம் இது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் எனக்கு அவர்கள் மேல் பிரியம் குறையவில்லை. காரணம் அந்தப் போர்வைதான். ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். துண்டுத் துணிகளைத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். சுற்றி உட்கார்ந்து, சிறிது இடைவெளி விட்டு ஊசியால் நூலை இறக்கி ஏற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு வெட்டுவார்கள். நுணுக்கமான தையல் தெரிந்திருக்கத் தேவையில்லை. எட்டு வயதுப் பையனும் எண்பது வயதுப் பாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து செய்யலாம். முடிச்சு இறுக்கமாக இல்லாவிட்டால் துவைக்கும்போது பஞ்சு ஒரு மூலையில் சுருண்டுவிடும், அதனால் பாட்டி எட்டிப் பார்த்து மறுபடி போடச் சொல்வார். யாருக்குப் போகிறது என்று தெரியாத போர்வைக்கு அந்தக் கறார்.

இனி உங்கள் விஷயம். குழுவில் சேருங்கள். சேருவதற்கு முன் ஒன்றை வெளிப்படையாகக் கேளுங்கள்: வருகிற குடும்பம் ஆராதனைக்கு வராவிட்டாலும் உதவியில் ஒரு மாற்றமும் இருக்காதா? உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நீங்கள் எழுதியதுபோன்ற மனிதர் என்றால் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

வேலை பிரிக்கும்போது கட்டில், சோபா பக்கம் போகாதீர்கள், அதற்கு ஆள் கிடைப்பார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, மருத்துவ அட்டை, வங்கி, முதல் பனிக்காலத்துக்கு எந்தச் சப்பாத்து வாங்குவது, இதில் நில்லுங்கள். வந்தேறிய ஒருவருக்கு எந்த இடத்தில் வெட்கம் வரும், எதைக் கேட்கக் கூசும் என்று அந்தக் குழுவில் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இன்னொன்று. பொறுப்பு பன்னிரண்டு மாதம்தான். பதின்மூன்றாவது மாதம் அந்தக் குடும்பத்தின் வாடகைக்கு என்ன வழி என்பதை ஆறாவது மாதத்திலேயே குழுவில் எடுத்துப் பேசுங்கள். அப்போதே தொடங்கினால்தான் வேலையும் மொழி வகுப்பும் அதற்குத் தோதாக அமையும்.

அன்புடன்.