ஜாஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா? டிப்ளமாவுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: எனக்கு 41 வயது. சிறு வயதில் பியானோ படித்தேன். சுரக்குறிப்பைப் பார்த்து வாசிக்க வரும். இப்போது ஜாஸ் கற்க ஆசை. "அது 1960களோடு முடிந்துபோன இசை" என்று இசை தெரிந்த நண்பர் தடுக்கிறார். இதற்கிடையே, 12 வாரத்தில் 'ஜாஸ் டிப்ளமா' தருவதாகச் சொல்லி ஓர் இணைய நிறுவனம் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கிறது. வழக்கொழிந்த இசைக்காகப் பணத்தை வீணாக்குகிறேனா?

பதில்: பணம் கட்டாதீர்கள். ஆனால் ஜாஸ் ஆசையைக் கைவிடவும் வேண்டாம். இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள்.

உங்கள் நண்பர் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1930களில் ஜாஸ்தான் அமெரிக்க இளைஞர்கள் ஆடிய இசை. அந்த இடத்தைப் பிறகு ராக் பிடித்துக்கொண்டது. பெரிய ஜாஸ் கலைஞர்களில் சார்லி பார்க்கர் 1955இல் இறந்தார், ஜான் கோல்ட்ரேன் 1967இல், டியூக் எலிங்டன் 1974இல். மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தைத்தான் இன்றும் புதிதாக வருகிறவர்கள் முதலில் வாங்குகிறார்கள். இதையெல்லாம் பார்ப்பவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். முடிந்துபோனது அதன் வெகுஜனச் செல்வாக்கு மட்டும்தான். இசை முடியவில்லை.

2023இல், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரப்படும் பிரிட்டனின் மெர்குரி பரிசை எஸ்ரா கலெக்டிவ் வென்றது. ஒரு ஜாஸ் குழுவுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. அந்த இளைஞர்கள், 1991இல் லண்டனில் தொடங்கிய டுமாரோஸ் வாரியர்ஸ் என்ற பயிற்சி அமைப்பில் சந்தித்துக்கொண்டவர்கள். அதே 2023இல் கிராமியின் சிறந்த புதுமுகம் விருது சமாரா ஜாய் என்ற ஜாஸ் பாடகிக்குப் போனது. கமாசி வாஷிங்டன் 2015இல் ஏறக்குறைய மூன்று மணி நேர ஆல்பம் ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டு கென்ட்ரிக் லமாரின் ராப் ஆல்பத்திலும் அவருடைய சாக்ஸபோன் ஒலித்தது.

விருதுகளை விட்டுவிடுங்கள். உயிர் இருக்கிறதா என்று நீங்களே சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே பாட்டை ஒரே கலைஞர் இரண்டு நாள் வாசித்தால், இரண்டும் வேறு வேறாக வருகின்றனவா என்று கேளுங்கள். 'மை ஃபேவரிட் திங்ஸ்' என்ற பாட்டைக் கோல்ட்ரேன் 1960இல் ஸ்டுடியோவில் பதிவு செய்தபோது அது 14 நிமிடத்துக்குள் முடிந்தது. 1966இல் ஜப்பானில் மேடையில் வாசித்தபோது ஒரு மணி நேரத்தை நெருங்கியது. மெட்டு அதேதான்; மனோதர்மம் அதை எங்கோ கொண்டுபோய்விட்டது. அந்த வேலை இன்றும் இரவுதோறும் நடக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசிரியர்களே இதில் தவறுகிறார்கள். எழுதி வைத்து வாசித்தால் அது ஜாஸ் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரிய இசைக்குழுக்கள் தாளில் எழுதியதைத்தான் பெரும்பாலும் வாசிக்கின்றன. எலிங்டன் 'இரண்டாம் டிரம்பெட்டுக்கு' என்று எழுதவில்லை. கூட்டி வில்லியம்ஸின் டிரம்பெட் எப்படி உறுமும், ஜானி ஹாட்ஜஸின் சாக்ஸபோன் எப்படிக் குழையும் என்று தெரிந்து அவர்களுக்காகவே எழுதினார். ஆள் மாறினால் இசையும் மாறியது. நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு அரங்கில் 1966இல் தொடங்கிய திங்கட்கிழமை இசைக்குழு இன்றும் அதே கிழமையில் வாசிக்கிறது. அவர்கள் முன்னாலும் தாள் இருக்கிறது. தாள் இருப்பது குற்றம் அல்ல. தாளோடு நின்றுவிடுவதுதான் குற்றம்.

இனி அந்த டிப்ளமா. எந்த ஜாஸ் மேடையிலும் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. "எந்தப் பாட்டு, எந்தச் சுருதி?" என்றுதான் கேட்பார்கள். இப்படிப்பட்ட வகுப்புகள் பெரும்பாலும் ஆயத்த இசைத் துணுக்குகளை மனப்பாடம் செய்ய வைக்கின்றன. அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டுப் பதில் சொல்லும் பயிற்சியைப் பதிவு செய்த காணொளி தரவே முடியாது. 'முழுக் கட்டணமும் முதலில்' என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். விழாவில் மேடை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகர்களும் இந்த ரகம்தான்.

பாட்டுத் தொகுப்பு நூல்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். உலகெங்கும் புழங்கும் 'ரியல் புக்', 1970களில் பாஸ்டனில் பெர்க்லீ கல்லூரி மாணவர்கள் உரிமை பெறாமல் தொகுத்தது. முறையான பதிப்பு 2004இல்தான் வந்தது. பழைய பிரதிகளில் கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பல இடங்களில் தவறு. நூலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பைக் காதுக்கு விடுங்கள்.

எனக்குப் பொறுக்க முடியாத இன்னொன்று, இணைய இசைச் சேவைகள். ஜாஸில் டிரம்ஸ் யார், பேஸ் யார் என்பதே பாதிக் கதை. அந்தக் காலத்து இசைத்தட்டின் பின்னட்டையில் பெரும்பாலும் எல்லோர் பெயரும் இருந்தது. இன்று பல சமயம் முதலில் கண்ணில் படுவது ஆல்பத்தின் தலைவர் பெயர் மட்டும்தான். 'படிக்கும்போது கேட்க ஜாஸ்' என்று ஓடும் பட்டியல்களில் வாசித்தவர் யாரென்றே தெரியாது. அந்தப் பின்னணி ஓசையை மட்டும் கேட்டுவிட்டுத்தான் பலர் ஜாஸ் செத்துவிட்டது என்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' என்ற 12 பார் ப்ளூஸை (12 தாள அளவுகள் கொண்ட சுற்று திரும்பத் திரும்ப வரும் வடிவம்) எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பாட்டுகளில் பியானோ பில் எவன்ஸ். இதில் மட்டும் வின்டன் கெல்லி. மெட்டு முடிந்ததும் தனி வாசிப்பைத் தொடங்குபவர் அவர்தான். அந்தப் பகுதியை வாயால் பாட வரும்வரை கேளுங்கள், பிறகு பியானோவில் தேடுங்கள். தாளைப் பார்க்காதீர்கள். அது கைக்கு வந்த பிறகு, இன்றும் மேடையேறும் ஓர் ஆசிரியரைக் கண்டுபிடித்து, "முதல் வகுப்பிலேயே என்னோடு சேர்ந்து வாசிப்பீர்களா?" என்று கேளுங்கள். சரி என்பவரிடம் ஒரு வகுப்புக்கு மட்டும் கட்டணம் கொடுத்துத் தொடங்குங்கள்.