அம்மாவுக்கு வீங்கியது எந்தக் கால்?

கேள்வி: எனக்கு வயது 31. பிசிஓடிக்காக (சினைப்பை நீர்க்கட்டி) 27 வயதில் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் சாப்பிட்டு நிறுத்திவிட்டேன். போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்குக் காலில் ரத்தம் கட்டிவிட்டது. இதே மாதிரி மாத்திரைதான் காரணம் என்றார்களாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நான் சாப்பிட்டதன் பாதிப்பு இன்னும் உடம்பில் இருக்குமா? அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். என்னைப் பெற்றபோது அம்மாவுக்கும் கால் வீங்கி, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாராம்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: மாத்திரையை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரலில் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது; உறையாமல் காக்கும் புரதங்களைக் குறைக்கிறது. சாப்பிடும் வரைதான் இது. நிறுத்திய மூன்று மாதத்துக்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். நீங்கள் நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது.

உங்கள் தோழிக்கு வந்தது பொய்யல்ல, ஆனால் அரிது. மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் வருடத்துக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டு, அதாவது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பது, வருகிறது. சாப்பிடுபவர்களில் 5 முதல் 12 பேருக்கு. மாலா-டி மாத்திரை போல லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் சேர்ந்தவற்றில் எண்ணிக்கை குறைவு. பிசிஓடிக்கு அடிக்கடி எழுதப்படும் ட்ரோஸ்பைரினோன் என்ற வேறொரு ஹார்மோன் சேர்ந்த வகையில் சற்று அதிகம். ஆபத்து மிகுந்தது முதல் சில மாதங்கள்தான். கர்ப்பமும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரமும் இதைவிடக் கூடுதல் ஆபத்தானவை.

அதனால்தான் உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 24 வருடமாகப் பெண்கள் மருத்துவராக இருக்கிறேன். "குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டு உண்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை டாக்டர்" என்றுதான் பதில் வரும். அந்தப் பேரில் யாரும் அதை நினைவில் வைத்திருப்பதில்லை. "பிள்ளை பெத்தப்போ அம்மாவுக்குக் கால் வீங்கிச்சு" என்றுதான் வீட்டில் பேச்சு இருக்கும்.

இன்று அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். வீங்கியது ஒரு காலா, இரண்டு காலா? இரண்டும் என்றால் கர்ப்ப காலத்து நீர் வீக்கமாகக்கூட இருந்திருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, வீட்டுக்கு வந்த பிறகும் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை அளவை மாற்றினார்கள் என்றால் அது பெரும்பாலும் ரத்தக்கட்டுதான். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு மங்கிப்போயிருந்தாலும் எடுத்து வையுங்கள். பெரியம்மா, சித்தி, மாமாவுக்கு இப்படி வந்ததா என்றும் கேளுங்கள்.

இந்த விவரத்தோடு, கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். பரம்பரையாக ரத்தம் உறையும் தன்மை உண்டா என்று பார்க்கும் பரிசோதனைகள் இருக்கின்றன. அதில் பார்க்கும், ரத்தம் உறையாமல் காக்கும் புரோட்டீன் எஸ் கர்ப்பத்தில் தானாகவே குறையும் என்பதால் முன்னதாகப் பார்ப்பதுதான் சரி. தேவைப்பட்டால் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். அது குழந்தைக்குப் போகாது.

விவரம் தெரியும் வரை ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம். காப்பர் டியில் ஹார்மோனே இல்லை, அதனால் இந்தப் பயமும் இல்லை. அப்புறம், கோயில், கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையும் இந்தக் கணக்கில்தான் வரும். அதில் ஒரு பங்கு உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அதை மாத்திரையாகவே நினைக்காமல் என்னிடம் சொல்லாமல் விட்ட பெண்கள் எத்தனையோ பேர்.

எப்போதாவது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, வழக்கமில்லாத தலைவலியோடு பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அம்மாவின் விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.