சுருதி விலகுவது குரலிலா, காதிலா? – வாசகர் கேள்வி பதில்

பொழுதுபோக்காக இசை பயில்வோரின் செவித்திறன் குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் ஐந்து கேள்விகளுக்கு, செவித்திறன் ஆய்வாளராகப் பணியாற்றுபவரும் மாலை வேளைகளில் வீணை பயில்பவருமான நம் பகுதி ஆசிரியர் அளித்த பதில்கள் இங்கே.

கேள்வி: எனக்கு வயது 63. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின், சிறுவயதில் விட்டுப்போன வாய்ப்பாட்டை மீண்டும் கற்று வருகிறேன். சில மாதங்களாக எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியின் ஷட்ஜம் (அடிப்படை ஸ்வரமான 'ஸ') இடது காதுக்குச் சரியாகவும் வலது காதுக்குச் சற்று ஏறியும் கேட்கிறது. மேல் ஸ்தாயியில் நான் சுருதி இறங்கிவிடுவதாகப் பாட்டு ஆசிரியரும் சொல்கிறார். பெட்டி பழுதா, குரல் பழுதா, காது பழுதா? இனி நான் பாடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் பாடலாம். பெட்டியை மாற்றவும் வேண்டாம். ஒரே பெட்டியின் ஒரே ஒலி இரண்டு காதுகளில் இரண்டு சுருதியாகக் கேட்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், பெட்டியின்மேல் குற்றமில்லை; வேறுபாடு உங்கள் செவிக்குள்தான் இருக்கிறது. மருத்துவத்தில் இதற்கு டிப்ளாகுசிஸ் என்று பெயர். நல்ல காதுகளிலும் இரு பக்கங்களுக்கும் இடையே மிக நுண்ணிய வேறுபாடு உண்டு. மூளை இரண்டையும் இணைத்து ஒரே ஸ்வரமாக நமக்குத் தந்துவிடுவதால் அதை நாம் உணர்வதில்லை. அந்த வேறுபாடு வளரும்போதுதான் உங்களுக்கு நேர்ந்தது நேர்கிறது.

காரணத்தை விளக்குகிறேன். உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் சுமார் 35 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சவ்வு ஓடுகிறது. வீணையில் ஒவ்வொரு மெட்டுக்கும் ஓர் ஸ்வரம் உரியதாக இருப்பதைப் போல, இந்தச் சவ்வின் ஒவ்வோர் இடமும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு உரியது; வாயிலை ஒட்டிய பகுதி உயர்ந்த ஒலிகளையும், சுருளின் நுனி தாழ்ந்த ஒலிகளையும் ஏற்கிறது. ஹங்கேரியில் தொலைபேசித் துறையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கேயார்க் ஃபான் பெகெஷி, ஒலி இந்தச் சவ்வில் அலையாகப் பயணம் செய்வதைக் கண்டறிந்ததற்காகவே 1961-இல் நோபல் பரிசு பெற்றார். சவ்வின்மேல் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் அமைந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை, அதாவது சுமார் 12,000 செல்கள், வரும் ஒலியைக் கூர்மையாக்கி, பக்கத்து ஸ்வரத்திலிருந்து பிரித்துக் காட்டும் வேலையைச் செய்கின்றன. முதுமையிலும் பேரொலியிலும் முதலில் நலிவன இவைதான். பறவைகளுக்கு இவை மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. ஒரு காதில் இவை அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் நலிந்தால், ஒரே ஸ்வரத்துக்கு இரு காதுகளும் சற்றே வெவ்வேறு இடங்களைச் சுட்டுகின்றன.

உங்கள் கடிதத்தில் என்னை நின்று யோசிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. வயதினால் வரும் கேள்விக்குறைவு உயர்ந்த ஒலிகளில் தொடங்குவது. நீங்களோ ஷட்ஜத்தில் வேறுபாடு காண்கிறீர்கள். கட்டை என்பது பாடுபவர் தம் ஷட்ஜத்தை வைத்துக்கொள்ளும் உயரத்தின் அளவு; ஐந்து கட்டைச் சுருதியில் பாடுபவரின் ஷட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். இது தாழ்ந்த ஒலி. ஒரே காதில், தாழ்ந்த ஒலியில் சுருதி மாறிக் கேட்பதும், அதனுடன் தலைசுற்றலோ, காது அடைத்தாற்போன்ற உணர்வோ, ஒரு நாள் கூடி ஒரு நாள் குறையும் கேள்வித்திறனோ இருப்பதும் மெனியர் நோய் போன்ற உட்காதுக் கோளாறுகளின் அறிகுறியாகலாம். எனவே இந்த மாதத்திலேயே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, ஆடியோகிராம் என்னும் செவித்திறன் வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தச் சோதனை செய்யப்படுகிறது. விரிவான ஆய்வு தேவைப்பட்டால் மைசூரில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம் போன்ற இடங்கள் உள்ளன. மற்ற வாசகர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒரு காது ஓரிரு நாட்களுக்குள் திடீரென மந்தமானால் அதை நீர் கோத்ததென்று எண்ணி வாரக் கணக்கில் காத்திருக்கக் கூடாது. அதற்கு ஸ்டீராய்டு மருந்து உண்டு. அது முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நல்ல பயன் தரும்.

இனி, மேல் ஸ்தாயியில் சுருதி இறங்குவது. இது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட வேண்டாம். நீங்கள் பாடியதைக் கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் முதலில் இடது காதாலும் பிறகு வலது காதாலும் கேளுங்கள். இறங்கிய இடம் உங்களுக்கே தெரிந்தால் செவி தன் வேலையைச் செய்கிறது, இறக்கம் குரலில் இருக்கிறது என்று பொருள். மாதவிடாய் நின்றபின் பெண்களின் குரல் தடிப்பதும் மேல் எல்லை குறுகுவதும் இயல்பு. இளமையில் ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நாலரைக் கட்டைக்கு வருவதில் இழிவு எதுவும் இல்லை. ஷட்ஜத்தை நம் வசதிக்கு வைத்துக்கொள்ள இடம் தரும் இசை மரபு நம்முடையது. அதற்கு மாறாக, சுருதி காட்டும் செயலி இறங்கியதாகக் காட்டியும் இரு காதுக்கும் அது சேர்ந்ததாகவே கேட்டால், அப்போது செவியின்மேல் ஐயம் கொள்ளலாம்.

அந்த ஐயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். உயர்ந்த ஒலிகள் மந்தமானவர்கள் சுருதி ஞானத்தையே இழந்துவிட்டதாக அஞ்சி, தம்பூராவை உறையிலிட்டு மூடிவிடுவதை என் பணியில் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். 88 கட்டைகள் கொண்ட பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். ஐந்து கட்டையில் பாடுபவரின் மேல் பஞ்சமம் 600 ஹெர்ட்ஸைக் கூடத் தொடுவதில்லை. வயது முதலில் பறிப்பது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிகளை. அதாவது ஸ்வரத்தை அல்ல, ஸ்வரத்தின் மினுக்கத்தையும், சாகித்தியத்தில் வரும் ச, ஷ போன்ற ஒலிகளின் தெளிவையும். 'ராகம் புரிகிறது, வரிகள் புரியவில்லை' என்று ஒருவர் சொன்னால் அதுவே முதல் அடையாளம். அடிப்படை ஒலியே காதுக்கு வராவிட்டாலும், அதன் மேலொலிகளைக் கொண்டு மூளை சுருதியைக் கண்டுகொள்ளும். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்தியது. ஆண்குரலின் அடிப்படை ஒலியோ சுமார் 120 ஹெர்ட்ஸ். ஆயினும் எதிர்முனையில் அப்பாவின் குரலை யாரும் தாயின் குரலாகக் கேட்டதில்லை.

தம்பூராவின் மந்தர ஷட்ஜத்தில் தானே எழும் சுயம்பு காந்தாரம் உங்களுக்குக் கேட்கவில்லையென்றாலும் உடனே காதைச் சந்தேகிக்க வேண்டாம். அது அந்தத் தந்தியின் அடிப்படை ஒலியைப் போல் ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட மேலொலி. ஐந்து கட்டைச் சுருதியில் 490 ஹெர்ட்ஸ். தந்திகளைத் தாங்கும் குதிரை என்னும் பாலத்தின்மேல் வைக்கும் ஜீவா நூல் இடம் பெயர்ந்திருந்தால் நல்ல காதுக்கும் அது கேட்காது. தம்பூரா, வீணை ஆகியவற்றின் குதிரை அமைப்பே அவற்றின் மேலொலிகளை வளப்படுத்துகிறது என்று சி.வி. ராமன் 1921-இல் எழுதினார். முதலில் நூலை நகர்த்திப் பாருங்கள்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் கேப்ரியல் ஃபோரே, 1905 முதல் 1920 வரை பாரிஸ் இசைக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். அந்த ஆண்டுகளில் அவருக்குக் கேள்வித்திறன் குறைந்ததுடன், தாழ்ந்த ஸ்வரங்களும் உயர்ந்த ஸ்வரங்களும் சுருதி விலகிக் கேட்டன. நடுப்பகுதி மட்டும் ஓரளவு சரியாகக் கேட்டது. 1924-இல் மறையும் வரை அவர் இசை எழுதுவதை நிறுத்தவில்லை. உங்களுக்கு ஒரு காது சரியாகவே கேட்கிறது. மருத்துவர் பார்க்கும் வரை, சுருதிப் பெட்டியை இடப்புறம் வைத்துப் பாடுங்கள்.

கேள்வி: பஜனைக்குப் போய் வந்தால் காது அடைத்துக்கொள்கிறது. பூண்டு காய்ச்சிய எண்ணெயை வெதுவெதுப்பாக விடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். பேரொலியால் வரும் அடைப்பு உட்காதில் நிகழ்வது. எண்ணெய் அங்கே போகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதில் சீழ் பிடிக்கும். அடைப்பு குறும்பியால் வந்ததானால் மருத்துவர் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். பஜனையில் ஒலிபெருக்கிக்கும் ஜால்ராவுக்கும் நேர் எதிரே அமராமல், இரண்டு பாய் தள்ளி அமருங்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது. வார இறுதிகளில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். நிகழ்ச்சி முடிந்த இரவு காதில் 'கொய்ங்' என்று இரைகிறது, காலையில் சரியாகிவிடுகிறது. சரியாகிவிடுவதால் கவலைப்படத் தேவையில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பஞ்சு வைத்துக்கொண்டால் போதுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த இரைச்சல், நுண்மயிர்ச் செல்கள் களைத்துப்போனதன் அறிவிப்பு. காலையில் கேள்வித்திறன் திரும்பிவிடுவது உண்மையே. ஆனால் 2009-இல் அமெரிக்காவில் எலிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், கேள்வித்திறன் முழுதும் திரும்பிய பிறகும், அந்தச் செல்களை நரம்புடன் இணைக்கும் சந்திகள் நிரந்தரமாக அழிந்திருந்தது தெரிய வந்தது. இப்படிப்பட்ட இழப்பு ஆடியோகிராமில் தெரியாமல் போகக்கூடும் என்பதே இதில் அஞ்சத்தக்கது.

அளவைச் சொல்கிறேன். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாக வேண்டும்: 88-க்கு 4 மணி நேரம், 94-க்கு 1 மணி நேரம், 100-க்கு 15 நிமிடம். டிரம்ஸுக்குப் பின்னால் அமர்ந்து, பக்கத்தில் மானிட்டர் ஒலிபெருக்கியும் வைத்துக்கொண்டு வாசிப்பவர் 100 டெசிபலை எளிதில் எட்டிவிடுகிறார். உங்கள் நிகழ்ச்சியோ மூன்று மணி நேரம் நடக்கும். தொழிற்சாலையில் வேலை செய்பவருக்குக் காதைக் காக்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது; வார இறுதியில் வாசிப்பவருக்குச் சொல்ல யாருமில்லை. பொழுதுபோக்குக் கலைஞர்கள் இதில் கைவிடப்பட்டவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

பஞ்சினால் பயனில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் காக்கும். ஆனால் உயர்ந்த ஒலிகளை மிகுதியாக அடைத்துவிடுவதால் சிம்பல் மங்கிக் கேட்கும், அதை ஈடுசெய்ய நீங்கள் இன்னும் ஓங்கி அடிப்பீர்கள். இசைக் கலைஞர்களுக்கென்றே எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும் காதடைப்பான்கள் உள்ளன. காதின் அச்செடுத்துச் செய்பவற்றில் 9, 15, 25 டெசிபல் குறைக்கும் வடிகட்டிகளைப் பொருத்தலாம். டிரம்ஸுக்கு 25, கீபோர்டு வாசிப்பவருக்கு 15 என்று தொடங்குங்கள். குழுவில் பாடுபவர்கள் இதை அணிந்தால் தம் குரல் குடத்துக்குள் ஒலிப்பதுபோல் கேட்பதாக முதலில் குறைப்படுவார்கள். காதுக்குழாயில் ஆழமாகப் பொருந்தும்படி செய்தால் அந்த முழக்கம் பெரிதும் அடங்கும்.

கேள்வி: நான் 70 வயதில் புல்லாங்குழல் வாசிக்கிறேன். செவித்துணைக் கருவி அணிந்தபின் பேச்சு நன்றாகக் கேட்கிறது. குழலில் நீண்ட ஸ்வரம் பிடித்தால் மட்டும் அது நடுங்கி, சுருதி கலைந்து கேட்கிறது. என் ஊதல் கெட்டுவிட்டதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் ஊதல் கெடவில்லை. செவித்துணைக் கருவி 'கீ' என்று கத்தாமல் இருப்பதற்காக, நீண்டு நிற்கும் சீழ்க்கை போன்ற ஒலி எதுவானாலும் அதை அழிக்கும் ஏற்பாடு கருவிக்குள் இருக்கிறது. உங்கள் குழலின் கார்வையை அது தன் சொந்தக் கத்தலென்று தவறாக எண்ணி அழிக்க முயல்வதால்தான் நடுக்கம் உண்டாகிறது. தம்பூராவும் வயலினும் கூட இதில் சிக்குவதுண்டு. கருவியைப் பொருத்தியவரிடம் குழலையும் எடுத்துச் சென்று, அவர் முன்னிலையில் வாசித்துக் காட்டி, இசைக்கென்று தனியாக ஒரு புரோகிராம் அமைத்துத் தரச் சொல்லுங்கள். அதில் இந்தக் கத்தல்தடுப்பை நிறுத்தியோ தணித்தோ வைக்க வேண்டும். இரைச்சல் குறைப்பையும், முன்பக்க ஒலியை மட்டும் பிடிக்கும் அமைப்பையும் நிறுத்த வேண்டும். உயர்ந்த ஒலிகளைத் தாழ்ந்த ஒலிகளாக மாற்றித் தரும் வசதி உங்கள் கருவியில் இயங்கினால் அதையும் கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள். பேச்சில் ச, ஷ கேட்க உதவும் அந்த வசதி, மேலொலிகளை இடம் பெயர்த்து சுருதியைக் குலைத்துவிடும். தனியாகச் சாதகம் செய்யும்போது கருவியைக் கழற்றிவிட்டு வாசித்துப் பார்ப்பதும் நல்லது. குழல் வாயருகே ஒலிப்பதால் பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, ஐந்து வயதிலிருந்து கீபோர்டு பயில்கிறாள். எந்த ஸ்வரத்தைக் கேட்டாலும் உடனே பெயர் சொல்வாள். வலிப்புக்காகக் கார்பமசெபின் மாத்திரை தொடங்கியதிலிருந்து, எல்லாமே அரை ஸ்வரம் இறங்கிக் கேட்பதாகச் சொல்லி அழுகிறாள். காது சோதனையில் குறை எதுவும் இல்லை. அவள் சொல்வதை நம்பலாமா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: முழுமையாக நம்புங்கள், அவள் நம்பப்படுகிறாள் என்பதை அவளிடமும் சொல்லுங்கள். இந்த மருந்து சிலருக்குச் சுருதியை ஏறத்தாழ அரை ஸ்வரம் தாழ்த்திக் கேட்கச் செய்வது மருத்துவ இதழ்களில், சிறப்பாக ஜப்பானிலிருந்து, பதிவாகியிருக்கிறது. எல்லா ஸ்வரங்களும் ஒன்றாகவே இறங்குவதால், ஷட்ஜத்தை ஒட்டி மற்றவற்றை அளக்கும் பெரும்பாலோர் இதை உணர்வதே இல்லை. உங்கள் மகளைப் போல ஸ்வரத்தைத் தனித்தே அடையாளம் காண்பவர்களுக்குத்தான் தெரிகிறது. மருந்தை நிறுத்தினால் இது நீங்கிவிடும். ஆனால் அந்த முடிவை நீங்கள் எடுக்கக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம். அடுத்த சந்திப்பில் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து பொருந்துமா என்று அவர் பார்ப்பார். அதுவரை, வீட்டில் தனியாக வாசிக்கும்போது கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தானில் ஒன்று கூட்டி வைத்துக் கொடுங்கள். அவள் அழுத்தும் கட்டையும் காதில் விழும் ஸ்வரமும் மீண்டும் ஒன்றாகும். பிறருடன் சேர்ந்து வாசிக்கும்போது மட்டும் அதைப் பழைய நிலைக்கு மாற்றிவிட வேண்டும்.