பூர்வகுடி மக்களின் செடிகளைப் பூங்காவில் வளர்க்க அனுமதி தேவையா?

சுங்கை சிப்புட் எஸ்டேட் பக்கம் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆற்றின் மேற்பகுதியில் உள்ள தெமியார் பூர்வகுடிக் கிராமங்களிலிருந்து தொங்காட் அலி என்ற மருந்து மரத்தின் கன்றை வாங்கிப் பூங்காவில் நட்டால் போதாதா, பூங்காப் பொறுப்பாளர் ஏன் கிராமத்தாரோடு மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கிறார்?

நடுவது எளிது. சிக்கல் செடியோடு சேர்ந்து வரும் அறிவில்தான். எந்த வேர், எந்த நோய்க்கு, எப்படிக் காய்ச்சுவது என்பதெல்லாம் ஒரு சமூகத்தின் சொத்து. மலேசியாவில் 2017-ஆம் ஆண்டின் 795-ஆவது சட்டம் (உயிரியல் வளங்களை எடுப்பது, பலனைப் பகிர்வது பற்றியது) 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆய்வுக்கோ வணிகத்துக்கோ உயிரியல் வளத்தையும் அது சார்ந்த மரபறிவையும் எடுப்பவர் அனுமதி பெற வேண்டும். உரிய சமூகம் விவரம் முழுதும் தெரிந்துகொண்டு முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். பலன் வந்தால் பங்கும் உண்டு. ஊர்த் தலைவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைப்பது, என் பார்வையில், சோம்பேறித்தனம்.

நல்ல பொறுப்பாளர் பதிவேட்டில் கொடுத்தவர், இடம், தேதி ஆகியவற்றோடு இன்னொன்றும் குறிப்பார்: எதை வெளியே சொல்லக்கூடாது. பெயர்ப்பலகையில் மருத்துவக் குறிப்பு இல்லையென்றால் அது மறதி என்று எண்ண வேண்டாம், கொடுத்தவர்கள் அப்படிக் கேட்டிருக்கலாம்.

அப்புறம் தொங்காட் அலி. மருந்துக்கு வேரைத் தோண்டினால் மரமே போய்விடும். பெரும்பாலும் ஆண், பெண் தனித்தனி மரம் என்பதால் ஒற்றைக் கன்றை நட்டு விதைக்குக் காத்திருப்பது வீண். பலவற்றை வளர்த்து, நாற்றுகளில் ஒரு பகுதியைக் கிராமத்துக்கே திருப்பித் தரும் ஏற்பாட்டை முதலிலேயே பேசி எழுதிவிடுங்கள்.