முதலில் தண்ணீர், அப்புறம் பெயின்ட்

வீட்டு முகப்பைக் குறைந்த செலவில் சீராக்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கட்டட வேலையும் பெயின்ட் வேலையும் தெரிந்தவர்கள் தரும் பதில்கள்.

கேள்வி: வெளிப்பக்கம் பெயின்ட் அடித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் சன்ஷேடிலும் கறுப்புக் கோடுகள் வழிந்து வீடே பழசாகத் தெரிகிறது. முழு வீட்டுக்கும் அடிக்க வசதியில்லை. அந்த இடங்களுக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் போதுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பெயின்ட் மட்டும் அடித்தால் அடுத்த ஐப்பசி மழைக்கே கோடு திரும்ப வந்துவிடும். கைப்பிடிச் சுவரின் தலை மட்டமாகவோ, தெருப்பக்கம் சாய்ந்தோ இருக்கிறது என்பதுதான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம். மேலே படியும் தூசியை மழைநீர் கரைத்துக்கொண்டு முகப்பில் வழிகிறது. எங்கே ஈரம் அதிக நேரம் நிற்கிறதோ அங்கே பாசி பிடிக்கிறது, காய்ந்ததும் கறுக்கிறது.

ஒரு செம்புத் தண்ணீரைச் சுவரின் தலையில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தெருப்பக்கம் ஓடினால், தலைப்பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நான்கு பங்கு மணல் கலந்து, மொட்டை மாடிப் பக்கம் அரை அங்குலம் தாழும்படி புதிதாகப் பூசச் சொல்லுங்கள். ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலைதான். ஆனால் சரிவு எந்தப் பக்கம் என்பதைப் பக்கத்தில் நின்று சொல்லாவிட்டால், பழக்கதோஷத்தில் மட்டமாகவே பூசிவிடுவார்.

சன்ஷேடுக்கு வேறு வைத்தியம். விளிம்பில் விழும் தண்ணீர் சொட்டாமல், அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வருகிறது. விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி, அடிப்பூச்சில் மட்டும் அரை அங்குல அகலத்துக்கு ஒரு காடி வெட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இரண்டு பக்கமும் காடி சுவரைத் தொடக் கூடாது, இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். அடியில் கம்பி தெரிந்தாலோ துரு வீங்கியிருந்தாலோ வெட்டவே வேண்டாம். எல் வடிவ பிளாஸ்டிக் பட்டை ஒன்றை விளிம்பில் ஒட்டிக்கொள்ளலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு பாசி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியவைத்து, மேல்தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். முக்கால் மணி நேரம் விட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு முறை கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம். கழிப்பறை கழுவும் ஆசிட்டை இதோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். தெரு மின்கம்பி பக்கத்தில் போகிற வீடு என்றால் அலுமினிய ஏணியும் வேண்டாம்.

அதே ஷேடு எண்ணில் பெயின்ட் வாங்கினாலும் இரண்டு வருட வெயில் பட்ட சுவரோடு சேராது, ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். அதனால் துண்டு துண்டாக அடிக்காமல், கைப்பிடிச் சுவரை மூலையிலிருந்து மூலைவரை முழுதாக அடியுங்கள். அதையும் சன்ஷேடு விளிம்புகளையும் சற்று அழுத்தமான வேறு நிறத்தில் அடித்துவிட்டால் வேண்டுமென்றே செய்த பார்டர் மாதிரி இருக்கும், பழைய சுவரும் தப்பிக்கும்.

கேள்வி: கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசங்கன்று முளைக்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. (வாசகர், மன்னார்குடி)

பதில்: வெட்டினால் துளிர்க்கத்தான் செய்யும். வேர் போயிருக்கும் இடம்வரை பூச்சை உடைத்து, வேரோடு எடுத்துவிட்டு, குழியைச் சிமென்ட் கலவையால் அடையுங்கள். கன்று விரல் பருமன் ஆவதற்குள் செய்தால் ஒரு கை கலவையோடு முடியும், தள்ளிப்போட்டால் செங்கல்லைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: இரும்பு கேட்டுக்குத் தீபாவளிக்குப் பெயின்ட் அடித்தோம். ஆறு மாதத்தில் கீழ்ப்பகுதி முழுக்கத் துரு. பெயின்ட் மோசமா, பெயின்டர் மோசமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கடற்காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் கீழ்ப்பகுதி மட்டும் துருப்பிடித்தால் குழாய்க்குள் தண்ணீர் தேங்குகிறதா என்று முதலில் பாருங்கள். சதுரக் குழாயில் செய்த கேட்டில், வெல்டிங் இடைவெளி வழியாக மழைநீர் இறங்கி அடிக்குழாயில் நிற்கும். துரு உள்ளிருந்து வருகிறபோது வெளியே எத்தனை கோட் அடித்தும் பயனில்லை. அடிக்குழாயின் கீழ்முகத்தில் இரண்டடிக்கு ஒன்றாக 6 மில்லிமீட்டர் துளை போடுங்கள். துளையில் பழுப்புத் தண்ணீர் கொட்டினால் காரணம் அதுதான்.

பிறகு, உரிகிற பெயின்ட்டைச் சுரண்டியால் எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, 80 நம்பர் உப்புத்தாளும் அதன்பின் 150 நம்பரும் போடுங்கள். தின்னர் நனைத்த துணியால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்துவிட்டு, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். தேய்த்த இரும்பை ஒரு ராத்திரி திறந்து விட்டால் உங்கள் ஊர்க் காற்றில் மறுநாளே செம்பழுப்பாகிவிடும். பெரும்பாலும் வேலை கெடுவது இங்கேதான்: முதல் நாள் தேய்த்துவிட்டுப் போகிறவர், மூன்றாம் நாள் பிரைமரோடு வருகிறார்.

பிரைமர் ஒரு இரவு காய வேண்டும். அதன்மேல் எனாமல் இரண்டு கோட், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு இரவு. தடிமனாக ஒரே கோட் அடித்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாகவே இருக்கும், வெயிலில் சுருங்கும். பத்தடிக்கு ஐந்தடி கம்பி கேட்டுக்கு அரை லிட்டர் பிரைமரும் ஒரு லிட்டர் எனாமலும் ஏறக்குறையப் போதும். தகடு அடித்த கேட் என்றால் எனாமல் ஒன்றரை லிட்டர். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயாக இருந்தால் எனாமல் நேரே பிடிக்காது, தோலாக உரியும். அதற்கென்றே எட்ச் பிரைமர் கிடைக்கிறது. கீலுக்குப் பெயின்ட் வேண்டாம், கிரீஸ் போதும்.

கேள்வி: முன்சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பெயின்ட் உதிர்கிறது. டைல்ஸ் ஒட்டிவிட்டால் பார்க்கவும் அழகு, பிரச்சினையும் தீரும் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: செய்யாதீர்கள். தரையின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறி, சுவரின் முகத்தில் ஆவியாகிறது. தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு தங்கி, படிகமாகிப் பூச்சைத் தள்ளும். முகத்தை டைல்ஸால் அடைத்தால் ஈரம் டைல்ஸுக்கு மேலே மூன்றடி, நான்கடி ஏறி ஆவியாக இடம் தேடும். சில வீடுகளில் உள்பக்கம் கூடத்துச் சுவரில் வந்து நிற்கும். சிமென்ட் பாலில் ஒட்டிய டைல்ஸ் உப்புத் தள்ளிக் கழன்று விழவும் விழும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சாலையை உயர்த்தினார்கள் என்பதற்காக வாசலிலும் மண் கொட்டி உயர்த்தியிருந்தால், அந்த மண் இப்போது அஸ்திவாரத்துக்கு மேலே சுவரையே தொட்டுக்கொண்டிருக்கும். வீட்டுத் தரைமட்டத்துக்கு ஓரடி கீழே வரும்படி மண்ணை வெட்டி எடுங்கள். சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தி, சொட்டும் வாசல் குழாய், மாடியிலிருந்து இறங்கி அங்கேயே கொட்டும் மழைநீர்க் குழாய் ஆகியவற்றை அகற்றவோ திருப்பிவிடவோ வேண்டும். சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் ஒரு அங்குலம் சரிகிற மாதிரி சிமென்ட் தளம் போட முடிந்தால் நல்லது.

பிறகு, உப்புக் கோட்டுக்கு மேல் ஓரடிவரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். கழுவினால் கரைந்து திரும்பவும் உள்ளே போகும். கோடையில் ஒரு மாதம் செங்கல் தெரியத் திறந்து விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் விடுங்கள். 1:4 கலவையில் ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 200 மில்லி வாட்டர் புரூஃபிங் திரவம் சேர்த்துப் பூசவும். உவர்த் தண்ணீரில் கலவை போட்டால் நீங்களே உப்பை உள்ளே வைக்கிறீர்கள். 28 நாள் கழித்துத்தான் பெயின்ட். இது உப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். அடியோடு நிறுத்தும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

கேள்வி: அப்பா காலத்து வீடு, வருடாவருடம் சுண்ணாம்பு அடித்து வந்தோம். இந்தப் பொங்கலுக்கு எமல்ஷன் அடிக்க ஆசை. முகப்பு இருபதடி அகலம், பன்னிரண்டடி உயரம். எவ்வளவு வாங்க வேண்டும்? (வாசகி, திருவில்லிபுத்தூர்)

பதில்: முதலில் உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். கை வெள்ளையானால் அதன்மேல் அடிக்கும் எமல்ஷன், சுவரைப் பிடிக்காமல் அந்தச் சுண்ணாம்புத் தூளைத்தான் பிடிக்கும். ஒரு மழைக்காலம் கழிந்ததும் அப்பளம் மாதிரி கிளம்பும். இத்தனை வருடச் சுண்ணாம்பையும் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, கழுவிக் காயவிட்டால்தான் எமல்ஷனைப் பற்றிப் பேசலாம். பெயின்ட்டைவிட இந்தக் கூலிதான் அதிகமாகும்.

அந்தச் செலவுக்குத் தயாரென்றால் கணக்கு இது: 20 x 12 என்பது 240 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 40 கழித்தால் 200. பிரைமர் ஒரு கோட்டுக்கு 2 லிட்டர், எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 4 லிட்டர். சொரசொரப்பான சுவர் என்றால் ஒரு லிட்டர் கூடும். முடி போன்ற விரிசல்களைக் கீறி அகலப்படுத்தி, விரிசல் அடைக்கும் பேஸ்ட் வைத்தால் போதும், வெளிச்சுவர் முழுக்கப் பட்டி பார்க்கத் தேவையில்லை.

சுவர்ப் பூச்சே பழைய சுண்ணாம்புக் காரை என்றால் எமல்ஷனை விட்டுவிடுங்கள். அந்தக் காரை வாங்கும் ஈரத்தை வெளியே விட வேண்டும். சுண்ணாம்பையே நன்றாக அடிப்பது தவறில்லை. சிமென்ட் காரைச் சுவர் என்றால், சுண்ணாம்பைச் சுரண்டிய பிறகு சிமென்ட் பெயின்ட் மலிவான வழி. கிலோவுக்கு இரண்டு கோட்டாகச் சுமார் 25 சதுர அடி வரும், உங்கள் முகப்புக்கு 8 கிலோ. சுவரை நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். கலக்கியதை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மறுநாள் முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். பெயின்டர்கள் தவறவிடுவது இந்தத் தண்ணீரைத்தான். தெளிக்காத சிமென்ட் பெயின்ட் மாவாக உதிரும். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் இது பிடிக்காது.

பொங்கலைப் பற்றி: கார்த்திகை மழை குடித்த சுவர் மார்கழிப் பனியில் காய்வதே இல்லை. எமல்ஷன் என்றால் தை கடைசிக்குத் தள்ளிவைப்பது நல்லது. பொங்கலுக்குள் முடித்தே ஆக வேண்டுமென்றால் திண்ணை, நிலைப்படி, கேட் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் காலை பத்து மணிக்குமேல்.

கேள்வி: மேற்குப் பார்த்த வீடு. எந்த நிறம் வெளுக்காமல் நிற்கும்? (வாசகர், ஈரோடு)

பதில்: காவி, மஞ்சக்காவி, கிரீம், சாம்பல் போன்ற மண் சார்ந்த நிறங்கள். இவற்றில் இரும்பு ஆக்சைடு நிறமிகள் இருப்பதால் வெயிலைத் தாங்கும். பளிச்சென்ற சிவப்பு, ஊதா, எலுமிச்சை மஞ்சள் எல்லாம் மேற்கு வெயிலில் சீக்கிரம் போகும். அடியில் ஒன்றரை அடிக்கு அழுத்தமான பட்டை கொடுங்கள், மழையில் தெறிக்கும் சேறு தெரியாது. அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 200 மில்லி வாங்கி இரண்டடிச் சதுரம் அடித்து, காலையிலும் மாலை நான்கு மணிக்கும் பாருங்கள். அட்டையில் இளம்பச்சை என்று தெரிவது, முழுச் சுவரில் கிளிப்பச்சையாக வந்து நிற்கும். நம் தெருக்களில் பாதி வீடுகள் அப்படி வந்தவைதான்.

கேள்வி: வாடகை வீடு. சுவரில் கைவைக்க வீட்டு ஓனர் விட மாட்டார். செலவும் அதிகம் செய்ய முடியாது. வாசலை எப்படிப் பார்க்கும்படி செய்வது? (வாசகி, தாம்பரம்)

பதில்: தொங்குகிற கேபிள், இன்டர்நெட் ஒயர்களை ஒரே கோட்டில் கிளிப் போட்டு இறுக்குங்கள். கிளிப் ஆணிக்கு மட்டும் அனுமதி கேட்டால் போதும். பயன்படாத பழைய ஒயர்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். வெறும் இதற்கே முகப்பு தெளிந்துவிடும். வெள்ளை டியூப் இருக்கும் இடத்தில் 9 வாட், 3000 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி. பல்பு. சாரல் படும் இடமென்றால் ஐ.பி. 65 (தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான குறியீடு) என்று போட்ட விளக்காகப் பாருங்கள்.

பிறகு தொட்டிகள். வெயில் வாசலுக்குக் காகிதப்பூ, இட்லிப்பூ, நந்தியாவட்டை. நிழல் வாசலுக்கு மணி பிளான்ட். ஒரே மாதிரி 12 அங்குலத் தொட்டி நான்கு, பத்துவித டப்பாக்களைவிட நன்றாக இருக்கும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழுவுரம் ஒன்று. காகிதப்பூவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் இலையாகத் தள்ளும், பூக்காது. மண் காய்ந்தபின் ஊற்றுங்கள். தொட்டியைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி, செங்கல் துண்டுகள் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் தரையில் வட்டக் கறை விழுந்து, காலி செய்யும்போது ஓனரோடு பேச்சு வரும். அடித்தட்டு வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் வாரத்துக்கு இருமுறை கவிழ்த்துக் காயவையுங்கள், டெங்கு பரப்பும் கொசு அந்தத் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும்.